நிழலும் கதை சொல்லும்: வகுப்பறையில் ஒரு ‘நுவார்’ குறும்படம்

‘என்ன படம் எடுக்கலாம்?’ என்று திரைப்பட மன்றத்தில் கேட்டுப் பாருங்கள். ‘த்ரில்லர் எடுக்கலாம் டீச்சர்’ என்ற பதில் நிச்சயம் வரும். அடுத்த நிமிடமே கொலை, போலீஸ், துப்பாக்கி, கடத்தல் என்று கதைகள் குவியும். நாம் ‘அதெல்லாம் வேண்டாம், நீதிக்கதை ஒன்றை எடுப்போம்’ என்று சொன்னால், குழந்தைகளின் முகம் வாடிவிடும்.

இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. துப்பாக்கி இல்லாமல், ரத்தம் இல்லாமல், ஆனால் பார்ப்பவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்படி ஒரு படம் எடுக்கலாம். அதற்கு உதவுவது ‘ஃபிலிம் நுவார்’ என்னும் திரைப்பட வகை. நான் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். எங்கள் பள்ளியில் திரைப்பட மன்றப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றை இந்த முறையில் உருவாக்கினோம். கதையை எப்படிக் கண்டுபிடித்தோம், ஒளியை எப்படி அமைத்தோம், எங்கெல்லாம் கவனமாக இருக்க வேண்டும் என்பதை உங்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

நுவார் என்றால் என்ன?

பிரெஞ்சு மொழியில் ‘நுவார்’ என்றால் கறுப்பு. போர்க்காலத்தில் பிரான்சுக்கு வராமல் இருந்த அமெரிக்கப் படங்கள், போர் முடிந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக அங்கே திரையிடப்பட்டன. அவற்றுள் சில குற்றக் கதைகளில் ஒரு புது இருள் இருப்பதைக் கண்ட நினோ ஃபிராங்க் என்ற விமர்சகர், 1946-ல் அவற்றை ‘ஃபிலிம் நுவார்’ என்று குறிப்பிட்டார். 1940-களிலும் 1950-களிலும் வந்த பல கறுப்பு வெள்ளைப் படங்களை இன்று இந்தப் பெயரால் அழைக்கிறோம்.

இந்த இருளின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1920-ல் வெளிவந்த ‘டாக்டர் காலிகரியின் கேபினெட்’ என்ற மௌனப் படத்தில் நிழல்களை அரங்கத்தின் சுவரிலும் தரையிலும் வண்ணம் கொண்டே தீட்டியிருந்தார்கள். ஃபிரிட்ஸ் லாங் 1931-ல் இயக்கிய ‘எம்’ படத்தில், குற்றவாளியின் முகத்தை நாம் பார்ப்பதற்கு முன்பே அவனைப் பற்றிய அறிவிப்புச் சுவரொட்டியின் மீது அவனுடைய நிழல் விழுகிறது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் லாங், பில்லி வைல்டர், ராபர்ட் சியோட்மாக் போன்ற இயக்குநர்கள் ஜெர்மனியை விட்டு வெளியேறி, பின்னர் ஹாலிவுட் சென்றார்கள். நிழலைக் கையாளும் கலையும் அவர்களோடு கடல் கடந்தது.

தமிழிலும் இதன் சாயல் உண்டு. எஸ்.பாலசந்தர் இயக்கத்தில் ஏ.வி.எம். நிறுவனம் 1954-ல் வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்தில் பாடலோ நடனமோ சண்டைக் காட்சியோ கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சென்னையில் ஒரு வானொலிப் பொறியாளர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சந்தேகத்துக்கு உள்ளானவர்கள் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததைச் சொல்கிறார்கள். ஒவ்வொருவர் சொல்லும்போதும் கதை வேறு ஒரு வடிவம் எடுக்கிறது. இந்தப் படத்திலிருந்து இரண்டு மூன்று நிமிடத் துண்டு ஒன்றைக் காட்டினாலே போதும், ஒளிக்கும் இருளுக்கும் என்ன வேலை என்பது குழந்தைகளுக்குப் புரிந்துவிடும். நுவார் படங்கள் பெரியவர்களுக்காக எடுக்கப்பட்டவை. கொலையும் புகைபிடித்தலும் அவற்றில் சாதாரணம். எனவே முழுப் படத்தைப் போடாமல், ஆசிரியர் முன்பே பார்த்துத் தேர்ந்தெடுத்த பகுதியை மட்டும் காட்டுவது நல்லது.

நமக்கு இது ஏன் பொருந்துகிறது?

நுவார் படங்களில் பல, குறைந்த செலவில் எடுக்கப்பட்டவை. எட்கர் உல்மர் 1945-ல் இயக்கிய ‘டிட்டூர்’ படத்தில் நியூயார்க் நகரத் தெருவைக் கட்டப் பணம் இல்லை. திரை முழுவதும் பனிமூட்டத்தைப் பரப்பி, ஒரு விளக்குக் கம்பத்தையும் பெயர்ப்பலகைகளையும் காட்டி, அதையே நியூயார்க் என்று நம்ப வைத்தார்கள். இல்லாததை இருட்டு மறைத்துவிடும். வர்ணம் உதிர்ந்த சுவர், உடைந்த பெஞ்சு, பின்னால் தெரியும் கட்டுமான மணல் எதுவும் நம் படத்தைக் கெடுக்காது.

இரண்டாவது காரணம் ஒலி. கைபேசியில் உரையாடலைப் பதிவு செய்தால் மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடும் சேர்ந்தே வரும். நுவார் படங்களில் கதாபாத்திரம் தானே கதையைச் சொல்லும் பின்னணிக் குரல் அடிக்கடி வரும். காட்சியைத் தனியாகவும் குரலை அமைதியான நேரத்தில் தனியாகவும் பதிவு செய்துகொள்ளலாம். குழந்தைகளும் வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டுக் கேமரா முன் திணற வேண்டியதில்லை.

மூன்றாவது காரணம் மொழி. ‘நான் அன்றைக்கு அதைச் செய்திருக்கக் கூடாது’ என்று தன்மையில் தொடங்கும் ஒரு பக்கத்தை எழுத, கட்டுரை என்றாலே ஒதுங்கும் மாணவர்களும் முன்வருகிறார்கள். எங்கள் தமிழாசிரியர் இந்தக் குரல்பகுதியைத்தான் அந்த மாதத்தின் எழுத்துப் பயிற்சியாக எடுத்துக்கொண்டார்.

கதையைக் கண்டுபிடிப்பது எப்படி?

துப்பறியும் கதை ‘யார் செய்தது?’ என்று கேட்கும். நுவார் ‘ஏன் செய்தார்? செய்தபின் அவருக்கு என்ன ஆகிறது?’ என்று கேட்கும். பில்லி வைல்டரின் ‘டபுள் இண்டெம்னிட்டி’ (1944) படத்தில், குற்றம் செய்த காப்பீட்டு முகவர் தொடக்கத்திலேயே ஒலிப்பதிவுக் கருவியின் முன் அமர்ந்து நடந்ததைச் சொல்ல ஆரம்பிக்கிறார். யார் என்று தெரிந்துவிட்டது. ஆனாலும் நாம் கடைசிவரை எழுந்திருப்பதில்லை. ஒரு சாதாரண மனிதர் சிறு சிறு அடியாக எப்படி அவ்வளவு தூரம் போனார் என்பதுதான் நம்மை உட்கார வைக்கிறது.

இதை மாணவர்களுக்கு நான்கு கேள்விகளாக மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன்.

1. ஒருவருக்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது. என்ன அது?
2. அதற்காக அவர் எந்தச் சின்னக் கோட்டைத் தாண்டுகிறார்?
3. அதை மறைக்க என்ன செய்கிறார்?
4. அந்த மறைப்புக்கு யார் விலை கொடுக்கிறார்?

இவற்றோடு இரண்டு விதிகளையும் சேர்த்தேன். கதை நம் பள்ளி வளாகத்துக்குள் நடக்க வேண்டும். ஆயுதம் எதுவும் வரக்கூடாது. இந்த இரண்டு விதிகளும் வந்தவுடன் சினிமாவில் பார்த்த கதைகள் எல்லாம் கழிந்துவிட்டன. நூலகப் புத்தகத்தில் கிழிக்கப்பட்ட பக்கம், ரேங்க் கார்டில் போட்ட கையெழுத்து, விளையாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது விடுபட்ட ஒரு பெயர், சுற்றுலாவுக்குச் சேர்த்த பணம் எனக் குழுக்கள் தங்களுக்குத் தெரிந்த உலகத்திலிருந்து கதை கொண்டுவந்தன.

சுற்றுலாப் பணத்தைத் தேர்ந்தெடுத்தோம். 32 மாணவர்கள், ஆளுக்கு 20 ரூபாய், மொத்தம் 640 ரூபாய். பணம் வகுப்புத் தலைவியிடம் இருக்கிறது. நெருங்கிய தோழி 200 ரூபாய் கேட்கிறாள். திங்கட்கிழமை திருப்பித் தருவதாகச் சொல்கிறாள். தலைவி கொடுத்துவிடுகிறாள். திங்கட்கிழமை தோழி பள்ளிக்கு வரவில்லை. செவ்வாய்க்கிழமை வகுப்பாசிரியர் பணத்தைக் கேட்கிறார். எண்ணினால் 440 இருக்கிறது. தலைவி வாய் திறக்கவில்லை.

‘இப்போது வகுப்பு யாரைப் பார்க்கும்?’ என்று கேட்டேன். கதைக்காகக் கேட்ட கேள்விதான். ‘கடைசி பெஞ்சு பையனை’ என்று பல குரல்கள் ஒன்றாக வந்தன. ‘ஏன் அவனை?’ என்றதற்கு, ‘அவன் லேட்டா வருவான் டீச்சர்’, ‘சாப்பாட்டு நேரத்துல பால் எடுக்க உள்ள வந்தான்ல’ என்று காரணங்களும் உடனே தயாராகின. கதையில் இல்லாத ஒரு பையனுக்கு எதிராக இரண்டே நிமிடத்தில் சாட்சியங்கள் சேர்ந்துவிட்டன.

அப்போது அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுந்தான். ‘டீச்சர், எங்க தெருக் கடையில என்ன காணாமப் போனாலும் என்னத்தான் முதல்ல கூப்பிட்டு பையக் காட்டச் சொல்வாங்க. நான் எதுவும் எடுத்ததே இல்ல’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான். வகுப்பு அமைதியானது.

அங்கேதான் எங்கள் படத்தின் மையம் கிடைத்தது. பணத்தை எடுத்தது யார் என்பது பார்ப்பவருக்கு முதல் காட்சியிலேயே தெரியும். சந்தேகம் ஏன் ஒரே இடத்தில் போய் விழுகிறது என்பதுதான் கதை. நுவார் படங்களில் சட்டத்தின் பிடியும் ஊரின் கண்ணும் எளிய மனிதர் மீது முதலில் விழுவதைப் பார்க்கலாம். நம் வகுப்பறைகளுக்கும் இது புதிதல்ல. பொருள் தொலையும்போது யாருடைய பையை முதலில் திறக்கச் சொல்கிறோம் என்பதை ஆசிரியர்களாகிய நாமும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

முடிவை எழுத மூன்று குழுக்கள். முதல் குழு, புதன்கிழமை தோழி பணத்தோடு வந்துவிட, எல்லாம் சரியாகிவிடுவதாக எழுதியது. அதைப் படித்ததும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ‘பணம் கிடைச்சிருச்சு டீச்சர். அந்தப் பையனுக்கு என்ன கிடைச்சுது?’ என்று கேட்டாள். இரண்டாம் குழு தலைவிக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது. மூன்றாம் குழு ஒரு நல்ல உத்தியைக் கண்டுபிடித்தது. படம் முழுக்கத் தலைவியின் பின்னணிக் குரல் வருகிறது அல்லவா? அவள் யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பதைக் கடைசிவரை காட்டாமல் வைத்துக்கொள்வது. கடைசிக் காட்சியில் கேமரா திரும்பும்போது, வராந்தாவில் அந்தப் பையன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பதில் எதுவும் சொல்வதில்லை. படம் முடிகிறது. கைதூக்கி வாக்கெடுத்தபோது இந்த முடிவு வென்றது. படத்துக்கு ‘இருநூறு’ என்று பெயர் வைத்தார்கள்.

உங்கள் வகுப்பில் பின்னணிக் குரல் எழுதும்போது இந்த ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ‘இதை யாரிடம் சொல்கிறாய்?’ அம்மாவிடம் சொல்வதும், தலைமையாசிரியரிடம் சொல்வதும், துரோகம் செய்யப்பட்டவரிடம் சொல்வதும் ஒரே சொற்களில் இருக்காது. கேட்பவர் யார் என்று முடிவானதும் நடை தானாகவே அமைந்துவிடும்.

ஒளி அமைப்பு: அறிவியல் பாடத்தின் நீட்சி

பொதுவாகப் படப்பிடிப்பில் மூன்று விளக்குகள் இருக்கும். முகத்தில் விழும் முதன்மை ஒளி, அதனால் உண்டாகும் நிழலைக் குறைக்கும் நிரப்பு ஒளி, தலைக்கும் தோளுக்கும் விளிம்பு கொடுக்கும் பின்னொளி. நுவாரில் நிரப்பு ஒளியை எடுத்துவிடுவார்கள், அல்லது வெகுவாகக் குறைத்துவிடுவார்கள். முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி இருட்டிலும் நிற்கும். செலவில் ஒரு விளக்கு மிச்சம்!

எங்களிடம் இருந்தவை: கம்பியோடு கூடிய ஹோல்டரில் ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு, ஒரு டார்ச், கறுப்பு சார்ட் இரண்டு, வெள்ளை சார்ட் ஒன்று, ஜன்னலை மூடப் பழைய ஃபிளெக்ஸ் பேனர், என் கைபேசி. குழந்தைகள் மாலையில் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதால் இரவுக் காட்சிகளையும் பகலிலேயே, பேனரால் அறையை இருட்டாக்கி எடுத்தோம். மின் இணைப்புகளை நானே கொடுத்தேன். மாணவர்கள் டார்ச்சை மட்டும் கையாண்டார்கள்.

கீழே உள்ள நான்கு செய்திகளும் நாம் நடத்தும் பாடங்களில் இருப்பவையே.

சிறிய விளக்கு, கூர்மையான நிழல்: ஒளிமூலம் சிறியதாக இருந்தால் நிழலின் விளிம்பு கூர்மையாக இருக்கும். பெரியதாக இருந்தால் விளிம்பு மங்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் நம் நிழல் குழம்பித் தெரிவதும், டார்ச் வெளிச்சத்தில் வெட்டினாற்போல் தெரிவதும் இதனால்தான். நுவாருக்கு டார்ச்தான் ஏற்றது.

தொலைவு கூடினால் ஒளி வேகமாகக் குறையும்: தொலைவு இரு மடங்கானால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகும், மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகும். விளக்கை முகத்திலிருந்து அரை மீட்டரில் வைத்து, சுவர் விளக்கிலிருந்து 3 மீட்டர் தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொண்டால், சுவரின் தொலைவு ஆறு மடங்கு. அங்கே விழும் ஒளி முகத்தில் விழுவதில் ஏறத்தாழ 36-ல் ஒரு பங்கு. சுவருக்குக் கறுப்பு வர்ணம் அடிக்காமலேயே அது இருண்டுவிடும். புதிதாகப் படம் எடுப்பவர்கள் நடிப்பவரைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, ‘இருட்டே வரவில்லை’ என்பார்கள். நடிப்பவரைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினால் போதும்.

நிழலின் உயரம் ஒரு கணக்கு: தரையில் வைத்த விளக்கிலிருந்து 2 மீட்டரில் 140 செ.மீ. உயர மாணவி நிற்கிறாள். சுவர் 4 மீட்டரில் இருக்கிறது. வடிவொத்த முக்கோணங்களின்படி நிழலின் உயரம் 280 செ.மீ. அவள் விளக்கை நோக்கி ஒரு மீட்டர் நடந்தால் நிழல் 560 செ.மீ. ஆகிவிடும், கூரையைத் தாண்டிவிடும். வகுப்புத் தலைவி பொய் சொல்லும் காட்சியில் நிழல் வளர வேண்டும் என்று ஒரு மாணவன் சொன்னான். எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டே முடிவு செய்தார்கள். பத்தாம் வகுப்பில் படிக்கப்போகும் பாடத்தை ஒன்பதாம் வகுப்பிலேயே சுவரில் பார்த்துவிட்டார்கள்.

கம்பி நிழல்: ஹாலிவுட் நுவார் படங்களில் பட்டைத் திரைகளின் நிழல் கோடுகோடாக முகத்தில் விழும். சிறைக் கம்பிக்குள் நிற்பவர் போன்ற உணர்வு வரும். நமக்கு ஜன்னல் கம்பி இருக்கிறது. சாய்வாக வெயில் வரும் மாலை நான்கு மணிக்கு மேற்குப் பக்க ஜன்னல் ஓரம் யாரையாவது நிறுத்திப் பாருங்கள்.

கைபேசியைப் பழக்குதல்

கைபேசிக் கேமரா இருட்டைக் கண்டால் தானாகவே காட்சியைப் பிரகாசமாக்கிவிடும். நாம் பாடுபட்டு உண்டாக்கிய இருள் சாம்பல் நிறமாகி, புள்ளிபுள்ளியாகத் தெரியும். இதைத் தடுக்க, திரையில் முகத்தின் வெளிச்சமான பகுதியை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான கைபேசிகளில் ஒளியளவும் குவியமும் அப்படியே பூட்டப்பட்டுவிடும். அருகில் தோன்றும் சூரியக் குறியைக் கீழே இழுத்தால் காட்சி இன்னும் இருளும்.

டியூப்லைட்டின் கீழ் எடுக்கும்போது படத்தில் பட்டைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எனவே பழைய சோக் வகை விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்கும். நொடிக்கு 30 படம் எடுக்கும் கேமராவோடு அது ஒத்துப்போவதில்லை. நொடிக்கு 25 படம் என்ற அமைப்பு உங்கள் கைபேசியில் இருந்தால் அதை வையுங்கள். இல்லையெனில் அந்த விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சிலோ வெயிலிலோ எடுங்கள். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுவதைத் தொகுக்கும்போது செய்யலாம். ஆனால் எடுக்கும்போதே கறுப்பு வெள்ளையில் பார்த்துக்கொண்டால், நிறத்தை மறந்து ஒளியை மட்டும் கவனிக்கக் குழந்தைகள் பழகுவார்கள்.

எடுப்பதற்கு முன் ஒவ்வொரு காட்சியையும் தீப்பெட்டி அளவுக் கட்டங்களில் வரையச் சொன்னேன். ஓவியம் தெரியாதவர்களும் வரையலாம். இருட்டான இடத்தைப் பென்சிலால் நிரப்பினால் போதும். ‘இருநூறு’ படத்தின் முக்கியக் காட்சிகள் இவை:

1. மேசை மீது ரூபாய்த் தாள்கள். எண்ணும் இரண்டு கைகள் மட்டும் வெளிச்சத்தில்.
2. தோழியின் முகம் தெரியவில்லை; சுவரில் அவள் நிழல், நீட்டிய கை.
3. திங்கட்கிழமை, காலியான இருக்கையில் விழும் ஜன்னல் கம்பி நிழல்.
4. ஆசிரியரின் முதுகுக்குப் பின்னாலிருந்து, பாதி முகம் ஒளியில் நிற்கும் தலைவி.
5. ஒவ்வொன்றாகத் திரும்பும் தலைகள். கடைசி பெஞ்சு பையன் மீது மட்டும் முழு வெளிச்சம்.
6. வராந்தா. தலைவியும் அவனும். இருவர் மீதும் சமமான மாலை ஒளி.

ஐந்தாவது காட்சியைக் கவனியுங்கள். எந்தத் தவறும் செய்யாதவன் மீது கூசும் வெளிச்சம். தவறு செய்தவள் நிழலில் பத்திரமாக இருக்கிறாள். ‘இங்கே வெளிச்சம்தான் தண்டனை’ என்று ஒரு மாணவி விளக்கினாள்.

கறுப்பு என்றால் கெட்டதா?

இந்த வகைப் படம் எடுக்கும்போது இந்த விவாதம் வந்தே தீரும், வர வேண்டும். ‘திருடனா சந்தேகப்படுற பையனுக்குக் கறுப்பா இருக்கிறவனைப் போடலாம்’ என்று வகுப்பில் ஒரு குரல் எழலாம். எங்கள் வகுப்பிலும் எழுந்தது. நுவாரில் இருள் என்பது விளக்கு இல்லாத இடம். அது எவருடைய தோலின் நிறமும் அல்ல. இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடுவது எளிது. எல்லா மாணவர்களையும் வரிசையாக அதே பல்பின் முன் பக்கவாட்டில் நிறுத்திப் புகைப்படம் எடுத்தோம். ஒவ்வொரு முகத்திலும் பாதி ஒளி, பாதி இருள். பிறகு திருவுளச் சீட்டுப் போட்டு வேடங்களைப் பிரித்தோம்.

தொழில்நுட்பமாகவும் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். கருமையான தோலை நேர் எதிரே விளக்கு வைத்து எடுத்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலிருந்தோ ஒளி விழுந்தால், கன்ன எலும்பும் நெற்றியும் பளபளத்துப் படம் அழகாக வருகிறது. எதிர்ப்பக்கம் வெள்ளை சார்ட் ஒன்றைப் பிடித்தால் கண்ணும் தெளிவாகத் தெரியும். தன் முகத்தை அப்படித் திரையில் பார்த்த ஒரு மாணவன், ‘டீச்சர், இந்தப் படத்த எனக்கு பிரிண்ட் போட்டுத் தருவீங்களா?’ என்று கேட்டான். போட்டுக் கொடுத்தேன்.

பழைய நுவார் படங்களில் இன்னொரு வழக்கமும் உண்டு: ஆணை மயக்கிக் குழியில் தள்ளும் பெண். அந்தப் பாத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. எங்கள் கதையில் தேவையும் தவறும் அதை ஒப்புக்கொள்ளும் துணிவும் ஒரு பெண்ணிடமே இருக்கின்றன. ஆணும் பெண்ணும் வேடங்களை மாற்றிக்கொண்டு கதையை ஒருமுறை வாசித்துப் பார்க்கச் சொன்னால், எங்கெல்லாம் பெண் என்பதற்காக மட்டும் ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது என்பதை மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கதை உண்மையாக இருந்தால்?

இருண்ட கதையைக் கேட்டால், சில குழந்தைகள் தங்கள் வீட்டு இருட்டையே எழுதித் தருவார்கள். கடன், குடி, அடி, அதைவிட மோசமானவையும் இருக்கலாம். எனவே தொடங்குவதற்கு முன் மூன்று முடிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எழுதியதை ஆசிரியர் மட்டுமே முதலில் படிப்பார்; எழுதியவர் சம்மதித்தால்தான் வகுப்பில் வாசிக்கப்படும். இரண்டாவது, உண்மைச் சம்பவம் என்று தோன்றும் கதையைப் படமாக்கக் கூடாது. அந்தக் குழந்தையிடம் தனியாக, அவசரப்படுத்தாமல் பேச வேண்டும். மூன்றாவது, குழந்தைக்கு ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் தலைமையாசிரியர் வழியாக உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிக் கல்வித்துறையின் உதவி மையம் 14417. பாலியல் துன்புறுத்தல் என்றால், போக்சோ சட்டப்படி தகவல் தெரிவிப்பது நம் கடமை. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போட இடமில்லை.

படப்பிடிப்புக்குப் பெற்றோரிடம் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள். குழந்தைகளின் முகம் தெரியும் படத்தைச் சமூக ஊடகங்களில் பதிவேற்ற வேண்டாம். பள்ளியின் திறன் வகுப்பறையிலோ பெற்றோர் கூட்டத்திலோ திரையிட்டாலே மாணவர்களுக்குப் போதுமான மகிழ்ச்சி கிடைத்துவிடும். மூட்டம் வேண்டும் என்று சாம்பிராணியோ கொசுவர்த்தியோ கொளுத்துவதும் தேவையில்லை. வீசிங் உள்ள குழந்தைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

தொடக்க வகுப்புகளுக்கு

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை படிப்பவர்களுக்கு நுவார் என்ற பெயரே வேண்டாம். ஒரு வெள்ளை வேட்டியும் டார்ச்சும் போதும். தோல்பாவைக் கூத்து பார்த்து வளர்ந்த மண் இது. குடை, துடைப்பம், தண்ணீர்க்குடம் போன்ற பொருட்களின் நிழலை மட்டும் காட்டி, ‘இது என்ன? இங்கே யார் வந்திருக்கிறார்கள்? ஏன் வந்திருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள். பொருளை டார்ச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் நிழல் என்ன ஆகிறது என்று அவர்களே சொல்லட்டும். இருட்டைக் கண்டு பயப்படும் குழந்தைகள், நிழலைத் தாங்களே பெரிதாக்கவும் சிறிதாக்கவும் முடியும் என்று கண்டவுடன் சிரிக்கத் தொடங்குவார்கள். கேட்ட கேள்விகளுக்கான பதில்களைக் கோத்தால் ஐந்து வரிக் கதை ஒன்று கிடைத்துவிடும்.

எவ்வளவு காலம் ஆகும்?

எங்களுக்கு ஆறு மன்ற வேளைகள் ஆயின. இரண்டு கதைக்கு, ஒன்று வரைபடத்துக்கு, இரண்டு படப்பிடிப்புக்கு, ஒன்று குரல்பதிவுக்கு. தொகுப்பை மாணவர்கள் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில், என் மேற்பார்வையில் செய்தார்கள். பல்பு, ஹோல்டர், சார்ட் எல்லாம் சேர்த்து 400 ரூபாய்க்குள் முடிந்தது. நடிக்காதவர்களுக்கும் வேலை இருந்தது. விளக்குப் பிடிக்க, தூரம் அளக்க, காட்சி எண் எழுத, ‘அமைதி’ என்று பலகை தூக்க என எல்லோரும் படத்தில் இருந்தார்கள்.

வரும் மன்ற வேளையில் படம் எடுக்கக்கூட வேண்டாம். ஜன்னல்களை மூடி, ஒரு மேசை மீது ஒரு பையை வைத்து, அதன் மீது மட்டும் டார்ச் வெளிச்சம் விழச் செய்யுங்கள். ‘இது யாருடைய பை? இதை ஏன் எல்லோரும் பார்க்கிறார்கள்?’ என்று மட்டும் கேட்டுவிட்டு உட்காருங்கள். முதலில் யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் கதை அங்கிருந்து தொடங்கும்.